எலும்பு வைத்திருக்கும் சோற்றுக் கணக்கு

மார்க்சின் ‘மூலதனம்’ முதல் தொகுதியைக் கட்சி வகுப்புகளில் பயின்ற தோழர்களில் பலர், முதலாளித்துவத் திரட்டலின் பொது விதியை விளக்கும் அத்தியாயத்தில் வரும் ஒரு கணக்கை விரைந்து கடந்து போயிருக்கக் கூடும். 1863ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பிரிவி கவுன்சில், நாட்டின் உழைக்கும் மக்கள் எதை உண்டு உயிர் வாழ்கிறார்கள் என்று ஆராயுமாறு எட்வர்ட் ஸ்மித் என்ற மருத்துவரைப் பணித்தது. பட்டினி நோய்கள் அண்டாதிருக்க வேண்டுமானால் ஒரு பெண்ணின் அன்றாட உணவில் குறைந்தது 3,900 கிரெயின் கார்பனும் 180 கிரெயின் நைட்ரஜனும், ஓர் ஆணின் உணவில் 4,300 கிரெயின் கார்பனும் 200 கிரெயின் நைட்ரஜனும் இருக்க வேண்டும் என்று அவர் வரையறுத்தார். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். பட்டு நெசவாளர், தையல் பெண்கள், கையுறை தைப்போர், காலுறை பின்னுவோர், செருப்புத் தொழிலாளர் ஆகியோரின் உணவை இந்த அளவுகோலால் அளந்தபோது, நைட்ரஜனில் அந்தக் கீழ்வரம்பைத் தாண்டிய பிரிவினர் ஒரே ஒரு பிரிவினர்தான். விவசாயத் தொழிலாளர் குடும்பங்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நைட்ரஜன் பற்றாக்குறையில் இருந்தன. அந்தப் பற்றாக்குறையும் வீட்டுக்குள் சமமாக விழவில்லை. ஆண் வேலைக்குப் போயாக வேண்டும், ஆகவே அவன் உண்டாக வேண்டும் என்ற நியாயத்தில் பெண்களின் தட்டும் குழந்தைகளின் தட்டும் முதலில் குறைந்தன.

அரசாங்கத்தின் சொந்த அறிக்கையை எடுத்து அரசாங்கத்தின் முகத்துக்கு எதிரே நிறுத்துவது மார்க்சின் வழக்கம். அவர் கையாண்ட அதே இரு தனிமங்கள் இன்று மீண்டும் ஆய்வாளர்களின் மேசைக்கு வந்திருக்கின்றன. ஸ்மித் தட்டில் இருந்த உணவை அளந்தார். இன்றைய அறிவியல், அந்த உணவு மனித உடலில் விட்டுச் சென்ற தடத்தை அளக்கிறது. உண்டவர் மாண்டு ஐயாயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தாலும், எலும்பும் பல்லும் எஞ்சியிருந்தால் அளக்க முடிகிறது.

கழக்கூட்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க். அதனருகே காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்குள்ள தொல்லியல் துறையின் ஆசிரியர்களும் மாணவர்களும் 2019 முதல் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், ஜூனா கட்டியா என்ற சிற்றூரையொட்டி ஒரு பெரும் இடுகாட்டை அகழ்ந்து வருகிறார்கள். எஸ்.வி. ராஜேஷ், ஜி.எஸ். அபயன் ஆகியோர் தலைமையில் நடந்த இந்தப் பணியில் ஏறத்தாழ 500 புதைகுழிகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் இருநூறு வரை திறக்கப்பட்டிருக்கின்றன. பொது ஊழிக்கு முன் 3200 முதல் 2600 வரையிலான காலத்தவை அவை. அதாவது சிந்துவெளியின் பெருநகரங்கள் முழு வளர்ச்சி அடைவதற்கு முந்தையவை. முழுமையாகக் கிடைத்த ஆண் எலும்புக்கூடு ஒன்று. மற்றபடி மண்டையோட்டுத் துண்டுகளும் எலும்புச் சிதறல்களும் பற்களுமே எஞ்சின. பெரும்பாலான குழிகளில் ஐந்தாறு மண்கலங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒரு குழியில் மட்டும் 62 கலங்கள்.

இந்த 62 என்ற எண்ணில் சற்று நின்று யோசிக்க வேண்டும். செய்தித்தாள்களின் கேள்வி, இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எந்த இனம் என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு வர்க்க இயக்கம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஐந்து கலங்களோடு புதைக்கப்பட்டவரும் அறுபத்திரண்டு கலங்களோடு புதைக்கப்பட்டவரும் உயிரோடிருந்தபோது ஒரே உணவை உண்டார்களா? கலங்களை எண்ணி இதற்கு விடை காண முடியாது. சாவுச் சடங்கில் ஊரே கூடிக் கலங்களைக் கொண்டுவந்து வைத்திருக்கலாம். விடை பல்லிலும் எலும்பிலும் இருக்கக் கூடும்.

கம்பும் நெல்லும் வெவ்வேறு கையொப்பம்

இயற்கையில் கார்பன் அணுக்கள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. நூற்றுக்கு ஏறத்தாழ 99 அணுக்கள் இலகுவானவை. ஏறத்தாழ ஒன்று சற்றே கனமானது. நைட்ரஜனிலும் இப்படியே, ஆயிரத்துக்கு நான்குக்கும் குறைவான அணுக்களே கனமானவை. இந்தக் கனத்த அணுக்கள் சிதைந்து மறைபவை அல்ல. தொல்பொருளின் வயதைக் கணிக்க உதவும் கதிரியக்கக் கார்பன் வேறு, இது வேறு. என்றும் மாறாது நிற்பதால் இவற்றை நிலைத்த ஐசோடோப்புகள் என்கிறார்கள்.

செடிகள் காற்றிலிருந்து கார்பனை உள்ளிழுக்கும் வழி இரண்டு வகைப்படும். நெல், கோதுமை, பருப்பு, கிழங்கு, தென்னை, மா, வாழை ஆகியவை ஒரு வழியைக் கைக்கொள்கின்றன. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை வெயிலுக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்கும் மற்றொரு வழியைக் கைக்கொள்கின்றன. முதல் வகை கனத்த கார்பனை அதிகம் ஒதுக்கித் தள்ளும்; இரண்டாம் வகை அவ்வளவு ஒதுக்குவதில்லை. உலகப் பொது அளவுகோலோடு ஒப்பிட, நெல் வகையில் கனத்த கார்பன் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 26 பங்கு குறைந்திருக்கும்; கம்பு வகையில் ஏறத்தாழ 12 பங்கே குறைந்திருக்கும். இந்த வேறுபாடு உண்பவரின் உடலுக்குள் அப்படியே கடத்தப்படுகிறது. 1970களின் பிற்பாதியில், வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் எக்காலத்தில் மக்காச்சோளம் உண்ணத் தொடங்கினர் என்பதை எலும்பைக் கொண்டே கண்டறிந்தபோதுதான் இம்முறையின் ஆற்றல் தொல்லியலாளர்களுக்குப் புலப்பட்டது.

நைட்ரஜன் சொல்வது வேறு செய்தி. புல்லைத் தின்னும் ஆட்டின் உடலில் புல்லில் உள்ளதைவிடக் கனத்த நைட்ரஜன் ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து பங்கு கூடும். ஆட்டை உண்ணும் மனிதரிடம் இன்னொரு படி ஏறும். கடல்மீன், சிறு மீனைப் பெருமீன் விழுங்கும் நீண்ட ஏணியில் வருவதால், அதை உண்போரின் அளவு மேலும் உயரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை, தாயைவிட ஒரு படி மேலே நிற்கும். எந்த வயதில் பால் மறந்தது என்பதைக்கூடக் குழந்தையின் பல் காட்டிக்கொடுத்துவிடும்.

உடலின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு காலத்தின் ஏடு. வயது வந்தோரின் தொடை எலும்பு, கடைசிப் பத்தாண்டு அல்லது அதற்கும் மேற்பட்ட காலத்து உணவின் சராசரியைத் தாங்கி நிற்கிறது. பல் குழந்தைப் பருவத்தில் உருவாகி, பிறகு மாறாது நிற்கிறது. அதன் உட்பகுதி அடுக்கடுக்காக வளர்வதால் ஆண்டுவாரியாகப் படிக்கலாம். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. முப்பது சென்டிமீட்டர் கூந்தலில் இரண்டரை ஆண்டுச் சாப்பாட்டுக் கணக்கு, மாதம் தவறாமல் எழுதப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி அக்கறை உண்டு. தருமபுரியிலும் சேலத்திலும் கோவில்பட்டிக் கரிசலிலும் களியும் கூழுமே அன்றாட உணவாக இருந்த காலத்தில், நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே கண்ணில் படும் பொருளாக இருந்தது. வீட்டில் அரிசி பொங்கியதா, கம்பு கொதித்ததா என்பது அந்த வீட்டின் நிலையைச் சொன்னது. ஆற்றுப்பாசன நெல்லும் மானாவாரிக் கம்பும் நிலவுடைமையின் இரு முகங்கள். அந்த வேறுபாடு எலும்பிலும் இறங்கியிருக்கும். 2006இல் கிலோ இரண்டு ரூபாய்க்கும், 2008இல் ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் நியாயவிலைக் கடைகளில் அரிசி வழங்கப்பட்டதால், ஒரே தலைமுறைக்குள் இலட்சக்கணக்கான மக்களின் உடல் ஒரு கையொப்பத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியிருக்கும். பொது விநியோக முறையை வீண்செலவு என்று ஏளனம் செய்யும் பொருளாதார வல்லுநர்கள், அது மக்களின் எலும்பு வரை சென்று சேர்ந்த திட்டம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். (அன்று கூழ் குடித்தவர்களை இழிவாகப் பேசிய அதே வட்டாரங்கள்தான், ஒன்றிய அரசு 2023இல் ‘ஸ்ரீ அன்னம்’ என்று திருநாமம் சூட்டிய பிறகு, அதே கம்பைப் பளபளக்கும் பொட்டலத்தில் பன்மடங்கு விலைக்கு வாங்குகின்றன.)

ஆனால் தஞ்சைக்குப் போனால் கார்பன் வாயடைத்துப் போகும். அங்கே மிராசுதாரும் நெல்தான் உண்டார், பண்ணையாளும் நெற்கஞ்சிதான் குடித்தார். நைட்ரஜனாவது பிரித்துக் காட்டுமா என்றால், அதுவும் அவ்வளவு எளிதன்று. மிராசுதார் வீட்டுப் பாலும் தயிரும் நைட்ரஜனை ஒரு படி உயர்த்தும். பண்ணையாள் வயலில் பிடித்த நண்டும் நத்தையும் எலியும் அதே படிக்கு உயர்த்தும். பருப்புச் செடிகள் காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால், பருப்பு மிகுதியாக உண்பவரின் அளவு தாழ்ந்திருக்கும். ஆகவே நைட்ரஜனின் உயரத்தைச் செல்வத்தின் உயரமாகக் கொள்வது பிழை. அந்தந்த வட்டாரத்தின் பயிரையும் கால்நடையையும் மீனையும் தனித்தனியே அளந்து அடித்தளம் அமைத்த பிறகே மனித எலும்பைப் படிக்க வேண்டும். கட்சிலும் இதே நிலைதான். கம்பு வகைப் புல்லை மேய்ந்த மாட்டின் பாலைக் குடித்தவரும், கம்பையே தின்றவரும் கார்பன் கணக்கில் அருகருகே நிற்பார்கள்.

பட்டினியும் தடம் விடுகிறது

இந்த அறிவியல் இதுவரை சொல்லியவற்றுள் மிகவும் உலுக்குவது, உணவு இல்லாத காலத்தைப் பற்றியது. உணவு கிடைக்காத உடல் தன் தசையையே உடைத்து உயிரைத் தாங்குகிறது. அப்போது உடல் தன்னைத்தானே உண்ணும் விலங்காகிறது. கனத்த நைட்ரஜன் ஒரு படி ஏறுகிறது. உணவை மறுக்கும் நோயால் இளைத்தவர்களின் தலைமுடியில் இது நேரடியாகவே காணப்பட்டிருக்கிறது. கஞ்சிக்கு வழியின்றிச் செத்தவரின் உடல், இறைச்சி உண்டு கொழுத்தவரின் உடலைப் போன்ற எண்ணைக் காட்டக் கூடும். சூழலை அறியாது எண்ணை மட்டும் படிப்பவர், பட்டினியை விருந்தென்று எழுதிவிடுவார்.

அயர்லாந்தின் கில்கென்னி நகரில், 1847க்கும் 1851க்கும் இடையே ஏழையர் விடுதியில் மாண்டவர்களைத் திரளாகப் புதைத்த குழிகள் 2005இல் கண்டறியப்பட்டன. குறைந்தது 970 பேர்; பாதிக்கு மேல் குழந்தைகள். உருளைக்கிழங்கு நோயால் அழிந்து, அதையே நம்பியிருந்த மக்கள் மாண்டுகொண்டிருந்தபோதும் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. நிவாரணமாக வந்தது அமெரிக்க மக்காச்சோளம். ஜூலியா போமண்டும் ஜேனட் மாண்ட்கோமரியும் இந்த மக்களின் எலும்பையும் பல்லின் அடுக்குகளையும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வரலாறு அப்படியே தெரிகிறது. கிழங்கு நெல் வகைக் கார்பன். மக்காச்சோளம் கம்பு வகைக் கார்பன். பல்லின் அடுக்குகளில் முதலில் நைட்ரஜன் ஏறுகிறது: அது பட்டினி. பிறகு கார்பன் ஏறி, நைட்ரஜன் இறங்குகிறது: அது நிவாரணச் சோளம் வந்து சேர்ந்த காலம். பெயர் தெரியாத ஒரு குழந்தைக்கு எந்த வயதில் பசி வந்தது, எந்த வயதில் அரசாங்கத்தின் கருணை வந்தது என்பதை அதன் பல் 160 ஆண்டுகளுக்குப் பிறகு சொல்லியிருக்கிறது. கருணை வந்த பிறகும் அந்தக் குழந்தை பிழைக்கவில்லை என்பதற்கு, அந்தப் பல் புதைகுழியில் கிடைத்ததே சான்று.

சென்னை மாகாணத்துக்கு இது அயல்நாட்டுக் கதை அன்று. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தை முதியோர் சொல்லக் கேட்ட தலைமுறை அண்மைக்காலம் வரை இருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் தானியம் என்றிருந்ததை, 1877இன் தொடக்கத்தில் வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் ஒரு ராத்தலாகக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், அது உழைப்பவரின் உயிரைத் தாங்கப் போதாது என்று எழுத்தில் எதிர்த்து வாதாடினார். ஸ்மித்தின் கணக்கு இலண்டனில் அச்சாகிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது; எவ்வளவு உணவு வேண்டும் என்பது தெரியாமல் குறைத்தார்கள் என்று சொல்ல இயலாது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அரசு மதிப்பீடே ஒப்புக்கொண்டது. அதே 1876இல்தான் யாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். தொன்மத்தமிழரின் எலும்புக்கு அருங்காட்சியகம் காத்திருந்தது. உயிரோடிருந்த தமிழருக்கு ஒரு ராத்தல்.

திருவிதாங்கூரின் கதையும் இதனோடு சேர வேண்டியது. அரிசிக்குப் பெரிதும் இறக்குமதியை நம்பியிருந்த அந்தச் சமஸ்தானத்தில், 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்றது. கயிற்றுத் தொழிலாளர் நிறைந்த சேர்த்தலை வட்டம் 1943ஐ ஒட்டிய ஆண்டுகளில் பட்டினியாலும் நோயாலும் சூறையாடப்பட்டது. இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே.ஜி. சிவசுவாமி அதை நேரில் ஆராய்ந்து பதிவு செய்தார். சேர்த்தலையிலும் அம்பலப்புழையிலும் 1946 அக்டோபரில் எழுந்ததே புன்னப்புரா-வயலார் போராட்டம். மூன்றாண்டுப் பசி அந்தக் களத்தில் நின்றவர்களின் உடலில் இருந்தது என்பதைத் தோழர்கள் அறிவார்கள்.

அந்தப் பசியைத் தாங்கியது மரச்சீனிக்கிழங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பரப்பிய பயிர் அது. இன்று அதை ஆராயும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் கழக்கூட்டத்துக்கு அருகே ஸ்ரீகாரியத்தில் இருக்கிறது. மரச்சீனி வயிற்றை நிரப்பும்; அதில் புரதம் மிகச் சொற்பம். அதுவும் நெல்லும் ஒரே கார்பன் வகை என்பதால், எவர் வீட்டில் சோறு பொங்கியது, எவர் வீட்டில் கிழங்கு வெந்தது என்பதைக் கார்பன் சொல்லாது. கிழங்கோடு மத்தி மீன் கிடைத்ததா, வெறும் கிழங்கும் உப்பும்தானா என்பதை நைட்ரஜன் ஓரளவு சொல்லும். ஆனால் கேரளத்தின் அமிலம் மிகுந்த செம்மண்ணும் பெருமழையும் எலும்பை நெடுங்காலம் விட்டுவைப்பதில்லை. காரியவட்டத்து ஆய்வாளர்கள் தம் வாயிலில் காண முடியாத எலும்பை உலர்ந்த கட்சில் தேடுவதில் மண்ணின் நியாயமும் இருக்கிறது.

உணவுப் பட்டியலைத் திருத்துவோரும் வெற்றிக்கொடி நாட்டுவோரும்

2020 பிப்ரவரியில் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் சிந்துவெளி மக்களின் உணவைச் சமைத்துப் பரிமாறும் நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. கடைசி நேரத்தில் இறைச்சியும் மீனும் உணவுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அருங்காட்சியகத்தில் தெய்வச் சிலைகள் இருக்கின்றன என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. சிந்துவெளிக் குடியிருப்புகளில் கிடைக்கும் வளர்ப்பு விலங்கு எலும்புகளில் பாதி அளவோ அதற்கு மேலோ மாட்டினத்தவை என்பது தொல்லியலாளர் அனைவரும் அறிந்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் மாண்டவர்களின் தட்டையும் இன்றைய ஆட்சியாளர்களின் அரசியல் திருத்த வருகிறது.

அதே ஆண்டின் இறுதியில், அக்ஷயேதா சூரியநாராயணும் சக ஆய்வாளர்களும் வடமேற்கு இந்தியாவின் சிந்துவெளிக் கலங்களில் ஊறியிருந்த கொழுப்பை ஆராய்ந்து வெளியிட்டார்கள். கொழுப்பின் கார்பனைக் கொண்டு, அசைபோடும் விலங்கின் இறைச்சி, பால், பன்றி போன்ற பிற விலங்கின் கொழுப்பு ஆகியவற்றைப் பிரித்தறிய முயலும் ஆய்வு அது. உடனே ஒரு தரப்பு, சிந்துவெளியினர் மாட்டிறைச்சி உண்டது உறுதியாயிற்று என்று சமூக ஊடகங்களில் வெற்றி முழக்கமிட்டது. அதில் முற்போக்காளர்களும் இருந்தார்கள். அந்த ஆய்வு சொல்லியது அதைவிட அடக்கமானது. கொழுப்பின் கார்பன் மாட்டையும் எருமையையும் ஆட்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டாது; எலும்புச் சான்றோடு சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும். கட்சில் உள்ள கோட்டடா பட்லியின் கலங்களில் பால் பதப்படுத்திய தடம் கண்டறியப்பட்டபோது, எதிர்த்தரப்பு அதைப் பசுவின் புனிதத்துக்குச் சான்றாக்க முயன்றிருந்தால் அதுவும் இதே பிழையே.

இந்த இடத்தில் இடதுசாரிகளுக்கு ஒரு கடமை இருக்கிறது. புராணத்துக்கு எதிராக மற்றொரு புராணத்தை நிறுத்துவது பொருள்முதல்வாதம் ஆகாது. எலும்பு சொல்லாததை எலும்பின் வாயில் திணிப்பவர், நாளை எதிரி அதையே செய்யும்போது தட்டிக்கேட்கும் தகுதியை இழக்கிறார். மாட்டிறைச்சி உண்ணும் உரிமைக்கு ஹரப்பாவின் சான்றிதழ் தேவையில்லை. இன்று உண்ணும் தலித், முஸ்லிம், கிறிஸ்தவ, பழங்குடி மக்களின் குடியுரிமையே போதும். தொன்மையைப் பற்றிய தமிழ்ப் பெருமிதத்துக்கும் இது பொருந்தும். கீழடியின் 982 பக்க அறிக்கையை ஒன்றியத் தொல்லியல் துறை 2025இல் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பியபோது, அதைக் கண்டித்தது சரியே. மேலும் அறிவியல் சான்று வேண்டும் என்று ஒன்றிய அமைச்சர் சொன்னார். அப்படியானால் கொந்தகை இடுகாட்டின் எலும்புகளுக்கும் பற்களுக்கும் அந்த அறிவியலைச் செய்து காட்ட வேண்டும் என்று கேட்பதே தக்க பதில். கீழடியின் செங்கல் வீட்டில் வாழ்ந்தவரும், அந்தச் செங்கலைச் சுட்டவரும் ஒரே சோற்றை உண்டார்களா என்ற கேள்வியை, எத்தனை நூற்றாண்டு பழமை என்ற கேள்விக்குக் கீழே புதைத்துவிடக் கூடாது. ஹரப்பாவிலும் ஹரியானாவின் பர்மானாவிலும் கிடைத்த பற்களை 2015இல் ஆராய்ந்தவர்கள், அங்கே அடக்கமானவர்களில் பலர் சிறுவயதில் வேறு நிலத்திலிருந்து வந்தவர்கள் என்று கண்டார்கள். கழக்கூட்டத்தின் கட்டடங்களை எழுப்பும் வங்காள, அசாமியத் தொழிலாளியின் பல்லும் இப்படித்தான் இரண்டு ஊர்களைச் சொல்லும்.

இன்றைய இந்தியாவில் உயிரோடிருப்பவர்களின் கணக்கு என்ன ஆயிற்று? 2017-18ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை வெளியிடப் போவதில்லை என்று 2019 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. நுகர்வு குறைந்ததாக அதில் இருப்பது அதற்கு முன்பே செய்தியாகக் கசிந்திருந்தது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. பழைய கணக்கைக் கொண்டே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் வரையறுக்கப்படுவதால், கோடிக்கணக்கானோர் ரேஷன் அட்டை வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள் என்றும், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையுள்ளவர்கள் என்றும் சொன்னது. விக்டோரியா அரசியின் அரசாங்கம் தன் மக்களின் பட்டினியை அளந்து அச்சிட்டது; மார்க்ஸ் அதை வாங்கிப் படிக்க முடிந்தது. இந்த அரசு அதற்கும் தயங்குகிறது.

குழந்தைகளின் தலைமுடியை வெட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பசியை அறிய நிறைநிறமாலைமானி தேவையில்லை. அங்கன்வாடி ஊழியரின் எடைப் பதிவேடு போதும். அவருக்குத் தொழிலாளி என்ற தகுதியும் குறைந்தபட்ச ஊதியமும் கொடுத்தால் பதிவேடு ஒழுங்காக இருக்கும். அறிவியல் இங்கே வேறொரு பணி செய்கிறது. 2008இல் அமெரிக்க உணவகச் சங்கிலிகளின் இறைச்சியை அளந்த ஆய்வாளர்கள், அந்த மாடும் கோழியும் ஏறத்தாழ முழுக்கவே மக்காச்சோளத்தில் வளர்ந்தவை என்று காட்டினார்கள். ஒரு சில பெருநிறுவனங்கள் ஆளும் உணவு முறை, மொத்தச் சமூகத்தின் உடலிலும் ஒரே பயிரை எழுதி வைக்கிறது. மதிய உணவில் முட்டையைத் தடுக்கும் மாநில அரசுகள், தம் பள்ளிக் குழந்தைகளின் எலும்பில் எதை எழுதி வைக்கின்றன என்பதற்கும் பின்னாளில் கணக்கு கிடைக்கும்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மாநில அரசுகளின் நிதியில் அகழாய்வுகள் நடக்கின்றன. அகழாய்வுக்கு ஒதுக்கப்படும் தொகையில் ஒரு பங்கு மனித எச்சங்களின் உணவாய்வுக்கு ஒதுக்கப்பட வேண்டும். நெல், கம்பு, கேழ்வரகு, மீன், ஆடு, மாடு ஆகியவற்றின் வட்டாரவாரியான அடித்தள அளவுகளைப் பல்கலைக்கழகங்கள் தொகுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். அது இல்லாமல் எலும்பை வெட்டுவது எலும்பை வீணாக்குவது, ஏனெனில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு துண்டு அழிந்தே தீரும். முடிவுகள் ஆங்கில ஆய்விதழ்களில் மட்டும் நில்லாமல் தமிழிலும் மலையாளத்திலும் வர வேண்டும். நுகர்வு ஆய்வின் மூலத் தரவுகளை முழுமையாக வெளியிடவும், புதிய மக்கள்தொகையின் அடிப்படையில் ரேஷன் அட்டைகளை விரிவாக்கவும் கோரும் தீர்மானங்கள் மாநாடுகளில் வரும்போது, இந்தக் கோரிக்கைகளையும் அவற்றோடு இணைத்துக்கொள்ள இடமிருக்கிறது.